கேஸ்கர் இறுக்கிய சல்லடை

பவானி கூடுதுறையில் கலந்த தண்ணீரில், 'இது பவானி, இது காவிரி' என்று உங்களால் பிரிக்க முடியுமா? ரேடியோவுக்கு அதுதான் வேலை! ஆன்டெனாவில் எல்லா நிலையங்களும் சேர்ந்தேதான் வந்து விழும். ஃபில்டர் என்கிற சல்லடை, வேண்டியதை மட்டும் உள்ளே விடும். கண் பெரிதானால் பக்கத்து நிலையம் நுழையும். சிறிதானால் பாட்டு மூக்கடைத்துப் போகும்.

1952-ல் மத்திய மந்திரியான பி.வி. கேஸ்கர், ஆல் இந்தியா ரேடியோவில் சினிமாப் பாட்டுக்கே சல்லடையை இறுக்கினார். ஜனங்கள் சும்மா இருப்பார்களா? முள்ளை ரேடியோ சிலோன் பக்கம் திருப்பிவிட்டார்கள்! 1957 அக்டோபர் 3-ல் விவித்பாரதி பிறந்து, பாட்டுக்கு வழிவிட்டது.

2012 முதல், டி.வி. பார்ப்பதற்காக விற்ற யு.எஸ்.பி. குச்சியே கம்ப்யூட்டர் ரேடியோவாகிவிட்டது. பேச்சுக்கு 5 கிலோஹெர்ட்ஸ் போதும், பாட்டுக்கு 10 வேண்டும்... சல்லடைக் கண்ணை மவுஸால் நீங்களே இழுக்கலாம். ரொம்ப இறுக்கும்போது மட்டும் கேஸ்கரை நினைத்துக்கொள்ளுங்கள்!