செவியும் சிந்தையும்

தமிழில் 'மந்தம்' என்னும் சொல்லை நாம் இரண்டு இடங்களில் வழங்குகிறோம். வீட்டுப் பெரியவருக்குச் செவிப்புலன் குறைந்தால் 'காது மந்தம்' என்கிறோம். பாடம் ஏறாத சிறுவனைப் 'புத்தி மந்தம்' என்கிறோம். ஒரே சொல் இரண்டு குறைகளுக்கும் பொருந்தி வருவதால், ஒன்று உள்ள இடத்தில் மற்றொன்றும் இருக்கும் என்ற எண்ணம் நம்மை அறியாமலே நம் பேச்சில் கலந்துவிடுகிறது. இந்த எண்ணத்துக்கு நீண்ட வரலாறு ஒன்று உண்டு. அதில் பெரும்பகுதி பிழை; ஒரு சிறு பகுதி, அண்மையில் தெரிய வந்த உண்மை. பிழையையும் உண்மையையும் பிரித்தறிவது நம் இல்லத்து முதியோருக்கு நாம் செய்யவேண்டிய கடமையாகும்.

அறிவு செவி வழியே வருவது என்பது பழைய கொள்கை. கல்வியையும் கல்லாமையையும் பற்றிப் பாடிய வள்ளுவர், அவற்றை அடுத்துக் கேள்விக்கென்றே தனி அதிகாரம் வகுத்தார். கிரேக்க நாட்டு அரிஸ்டாட்டிலும், அறிவு வளர்ச்சிக்குப் பெரிதும் துணை செய்வது செவிப்புலனே என்று எழுதினார். இக்கருத்தைப் பின்வந்தோர் தவறாகப் பிடித்துக்கொண்டனர். செவி இல்லார்க்குச் சிந்தையும் இல்லை என்று முடிவு கட்டினர். ஐரோப்பாவில் பிறவிச் செவிடர்க்குக் கல்வி மட்டுமன்றிச் சட்ட உரிமைகளும் மறுக்கப்பட்ட காலம் ஒன்று இருந்தது.

அம்முடிவை முதலில் அசைத்தவர், 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டில் வாழ்ந்த பெத்ரோ போன்செ தெ லியோன் என்னும் துறவி. உயர்குடியில் பிறந்த செவிட்டுச் சிறுவர்க்கு அவர் எழுதவும் பேசவும் கற்பித்தார். 18-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்து அப்பே தெ லெப்பே என்பவர் கைச்சைகைகளைக் கொண்டு ஏழைப் பிள்ளைகளுக்கும் பள்ளி நடத்தினார். குறை செவியில் இருந்ததேயன்றி அறிவில் இல்லை என்பது இவ்வாறு நிலைநாட்டப்பட்டது.

பிறவியில் கேட்டுப் பின்னர்ச் செவி இழந்தோரின் துயரம் வேறு வகையானது. இதற்குப் பீத்தோவனைவிடச் சிறந்த சான்று வேண்டுவதில்லை. முப்பது வயதை எட்டுமுன்பே அவ்விசைமேதையின் செவி மங்கத் தொடங்கியது. 1801-ஆம் ஆண்டு நண்பர் ஒருவருக்கு எழுதிய மடலில், தாம் செவிடன் என்று பிறரிடம் சொல்ல மனம் வராமையால் மக்கள் கூடும் இடங்களைத் தவிர்த்து வருவதாகத் தெரிவித்தார். மெட்ரோனோம் என்னும் தாளக் கருவியால் புகழ்பெற்ற மெல்ட்ஸெல் அவருக்கு ஊதுகொம்பு வடிவில் செவிக்குழல்கள் செய்து கொடுத்தார். 1818 முதல், வந்தவர்கள் தாம் சொல்ல விரும்புவதை ஏடுகளில் எழுதிக் காட்டினர். அந்நிலையிலும் 1824-இல் தம் ஒன்பதாம் சிம்பொனியை உலகுக்கு அளித்தார். செவி அடைந்தும் சிந்தை அடையவில்லை. ஆயினும், கூச்சத்தால் மனிதரைவிட்டு விலகிய அந்தத் தனிமை அவரை எவ்வளவு வாட்டிற்று என்பதை அவர் மடல்களே காட்டும்.

கூச்சம் அரண்மனையையும் விடவில்லை. போர்ச்சுகல் மன்னர் ஆறாம் ஜானுக்காக 1819-ஐ ஒட்டி லண்டனில் ஓர் அரியணை செய்யப்பட்டது. அதன் கைப்பிடிகள் சிங்க முகங்களாகச் செதுக்கப்பட்டிருந்தன. வந்தவர் மண்டியிட்டுச் சிங்கத்தின் வாயில் பேசினால், உள்ளே செல்லும் குழல் வழியாக ஒலி மன்னர் செவிக்கு எட்டும். வணக்கமும் நடந்தது, குறையும் மறைந்தது!

செவிக்குழல் ஒலியைத் திரட்டுமே தவிரப் பெருக்காது. ஒலியைப் பெருக்கும் வழியைத் திறந்தது தொலைபேசி. 1876-இல் அதற்கு உரிமை பெற்ற அலெக்சாண்டர் கிரகாம் பெல்லின் தாயும் மனைவியும் செவிப்புலன் இழந்தவர்கள் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. தொலைபேசியின் கரித்தூள் ஒலிவாங்கியைக் கொண்டு, 1898-இல் அமெரிக்கரான மில்லர் ரீஸ் ஹட்சிசன் மின்சாரச் செவிக்கருவியை அமைத்தார். 1920-களில் வால்வுக் கருவிகள் வந்தன. கருவியை மார்பிலும் மின்கலத்தைத் தனியாகவும் கட்டிக்கொண்டு நடந்தோர் பட்ட பாடு சிறிதன்று.

1947-ஆம் ஆண்டு டிசம்பரில் பெல் ஆய்வுக்கூடத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. பெல்லின் நினைவைப் போற்றும் வகையில், செவிக்கருவி செய்வோர்க்கு உரிமைக் கட்டணம் வேண்டியதில்லை என்று அந்நிறுவனம் விட்டுக்கொடுத்தது. 1952-இன் இறுதியில் டிரான்சிஸ்டர் பொருத்திய செவிக்கருவி கடைக்கு வந்தது. நாம் சட்டைப்பையில் வைத்துக் கேட்டு மகிழ்ந்த டிரான்சிஸ்டர் வானொலி 1954-இல்தான் பிறந்தது. ஆக, அப்புதுமை வானொலி நேயர்க்கு வருமுன்னரே செவி மங்கியோர்க்குப் பயன்பட்டது. இதற்கிடையில் பிரிட்டனில் 1948-இல் தொடங்கிய தேசிய மருத்துவ சேவை, 'மெட்ரெஸ்கோ' என்னும் செவிக்கருவியை மக்களுக்கு இலவசமாகவே வழங்கலாயிற்று.

நம் நாட்டில் 1965-இல் மைசூரில் அகில இந்தியப் பேச்சு, செவிப்புலன் நிலையமும், 1983-இல் பம்பாயில் அலி யாவர் ஜங் பெயரால் தேசிய நிலையமும் ஏற்பட்டன. பின்னதன் கிளை நிலையங்கள் கல்கத்தா, செகந்திராபாத் முதலிய இடங்களிலும் அமைந்தன. 2006-07-ஆம் ஆண்டில் செவிட்டுத்தன்மையைத் தடுப்பதற்கான தேசியத் திட்டம் தொடங்கிற்று. 1990-களில் எண்முறைக் கருவிகள் வந்து, கருவி காதுக்குள்ளேயே அடங்கிவிட்டது.

இனி, வரலாற்றின் புதிய அத்தியாயத்துக்கு வருவோம். செவிக்குறையும் முதுமை மறதி நோயும் சேர்ந்து காணப்படுவதை 1989-இல் அமெரிக்க மருத்துவ ஆய்வு ஒன்று எடுத்துக்காட்டிற்று. 2011-இல் டாக்டர் பிராங்க் லின் குழுவினர், பால்டிமோர் நகரில் 639 பேரைப் பல்லாண்டு தொடர்ந்து கவனித்து வந்த ஆய்வின் முடிவை வெளியிட்டனர். நல்ல செவி உடையோரைக் காட்டிலும், இலேசான குறை உள்ளோர்க்கு மறதி நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு. நடுத்தரக் குறைக்கு மூன்று மடங்கு. கடுங்குறைக்கு ஐந்து மடங்கு. 'லான்செட்' மருத்துவ இதழ் அமைத்த குழு, தவிர்க்க இயலும் காரணங்களென 2024-இல் பதினான்கை எண்ணிற்று. அவற்றுள் செவிக்குறையும் ஒன்று.

சேர்ந்து காணப்படுவது வேறு. காரணமாவது வேறு என்பதை மறத்தல் ஆகாது. மூன்று விளக்கங்கள் கூறப்படுகின்றன. அரைகுறையாக வரும் ஒலியைச் சொல்லாக்குவதிலேயே மூளை தன் ஆற்றலைச் செலவிட, நினைவில் இருத்த ஆற்றல் எஞ்சுவதில்லை என்பது ஒன்று. கேளாதவர் உரையாடலைத் தவிர்த்துத் தனிமைப்படுவதால் மூளைக்கு வேலை குறைகிறது என்பது இரண்டாவது. ஒலி குறையக் குறைய மூளையின் அமைப்பே மாறுகிறது என்பது மூன்றாவது. முதுமை இரண்டையும் ஒருங்கே தாக்குகிறது என்போரும் உளர்.

கருவி அணிந்தால் மறதி தடைப்படுமா? 2023-இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதை நேரே சோதித்தது. 70 முதல் 84 வயது வரையுள்ள 977 பேரில் ஒரு சாரார்க்குச் செவிக்கருவியும் பயிற்சியும், மற்றச் சாரார்க்குப் பொதுவான உடல்நல அறிவுரையும் வழங்கி, மூன்றாண்டு கவனித்தனர். மொத்தத்தில் இரு சாரார்க்கும் வேறுபாடு தெரியவில்லை. ஆனால் வயதும் நோய்க்கூறுகளும் மிகுந்து, மறதிக்கு இடமுள்ளவர்களை மட்டும் தனியே பார்த்தபோது, கருவி பெற்றோரிடம் அறிவுத்தேய்வு 48 விழுக்காடு குறைந்திருந்தது. கருவியை மாமருந்து என்றும் சொல்லுதற்கில்லை. வீண் என்று தள்ளுதற்கும் இல்லை.

அயல் மாநிலங்களில் வாழும் நமக்கு இதில் தனிப்பொருள் உண்டு. ஊரைவிட்டுப் பிள்ளைகளுடன் டில்லிக்கோ பம்பாய்க்கோ வந்து தங்கும் பாட்டிக்கு அண்டை அயலாரின் மொழி முழுதும் பழகியிராது. பழகாத மொழியை ஊகித்தறிய நல்ல செவியே திணறும். குறைந்த செவி என்செய்யும்? வீட்டுத் தமிழும் வானொலித் தமிழுமே அவருக்கு உலகம். அதுவும் மங்கிவிட்டால் எஞ்சுவது மௌனம். முதுமையில் முதலிற் குறைவது பெரும்பாலும் உச்ச ஒலிகளே. ஆகவே பேச்சின் ஓசை கேட்கும். 'பல்' என்றதா 'கல்' என்றதா என்பது விளங்காது. அவர் பொருந்தாத விடை கூறுவார். நாமோ, 'பாட்டிக்கு நினைவு தடுமாறுகிறது' என்று முடிவு செய்துவிடுகிறோம். நினைவுச் சோதனையும் பெரும்பாலும் வாய்மொழியாகவே நடைபெறுவதால், கேளாமையே மறதியாகக் கணக்கிடப்படும் இடர் உண்டு.

எனவே, மறதி என்று ஐயுறும்போது செவியையும் சோதித்தல் வேண்டும். குறும்பியால் மட்டுமே காது அடைத்திருந்தால் அதை நீக்குவது மருத்துவர்க்கு எளிது. சொற்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்லும் சோதனை, தமிழரைத் தமிழ்ச் சொற்களால் சோதிப்பதாக அமைய வேண்டுமெனக் கேட்பது நம் பொறுப்பு. கருவி வாங்கிய முதல் வாரத்தில் பாத்திர ஓசையும் இரைச்சலாகத் தோன்றும். பழகச் சில வாரங்கள் ஆகும். அதற்குள் அது மேசை அறைக்குள் போய்விடாமல் காப்பது, உடன் இருப்போரின் பொறுமையே. முகம் பார்த்து, நிதானமாகப் பேசினால் கருவியின் பயன் பன்மடங்காகும்.

மூக்குக்கண்ணாடி அணிய நாம் நாணுவதில்லை. செவிக்கருவிக்கு மட்டும் ஏன் நாணவேண்டும்? மன்னர் ஒருவர் சிங்கத்தின் வாயில் தம் குறையை மறைத்துக்கொண்டார். நம் பாட்டிக்கு அரியணை வேண்டா. அவர் 'என்ன?' என்று இரண்டாம் முறை கேட்கும்போது, 'ஒன்றுமில்லை' என்று தட்டிக்கழிக்காமல், அருகில் அமர்ந்து மறுபடியும் சொல்லும் பேரப்பிள்ளை இருந்தால் போதும்.