பூச்சிகள் கிரஸ்டேசியாவின் கிளையே: கணுக்காலி வகைப்பாட்டில் உடற்பண்புகளின் சான்று மதிப்பு

பெயரிடப்பட்ட விலங்கினங்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு கணுக்காலிகள். கைட்டின் கலந்த புறச்சட்டகம், கண்டங்களாலான உடல், மூட்டுள்ள இணையுறுப்புகள், தோலுரித்து வளர்தல், திறந்த இரத்த ஓட்டம் ஆகியவை இத்தொகுதியின் பொதுப் பண்புகள். இன்று வாழும் கணுக்காலிகளைச் சிலந்தியும் தேளும் அடங்கிய கெலிசெரேட்டா, பூரானும் மரவட்டையும் அடங்கிய பலகாலிகள், இறாலும் நண்டும் அடங்கிய கிரஸ்டேசியா, ஆறுகாலிகளான பூச்சிகள் என நான்காகப் பிரித்துச் சமநிலையில் நிறுத்துவது வழக்கம். இவ்வரிசை உண்மையான உறவை மறைக்கிறது. பூச்சிகள் கிரஸ்டேசியாவுக்குள் தோன்றிய ஒரு கிளை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் பூச்சிகளுக்கு நெருங்கிய உறவாகப் பலகாலிகளே கருதப்பட்டன. இரண்டுக்கும் ஓரிணை உணர்கொம்புகள், கிளைக்காத கால்கள், மூச்சுக்குழல்கள், மால்பீஜியன் குழல்கள் உண்டு. இறாலுக்கோ ஈரிணை உணர்கொம்புகளும் இரண்டாகக் கிளைத்த உறுப்புகளும் உள்ளன. மேலோட்டமாகப் பார்த்தால் இந்த ஒப்புமை வலுவானது.

ஆனால் இப்பண்புகளில் பல நிலவாழ்க்கையின் தேவைகளோடு பிணைந்தவை. மூச்சுக்குழல்கள் சிலந்திகளில் தனியே தோன்றியுள்ளன. நிலத்தில் வாழும் ஐசோபாடுகள் கிரஸ்டேசியாவைச் சேர்ந்தவை. அவற்றின் வயிற்றுக் கால்களிலும் காற்றைச் சுவாசிக்கும் குழல்கள் உருவாகியுள்ளன. சிலந்திகளின் மால்பீஜியன் குழல்கள் அகப்படையிலிருந்தும் பூச்சிகளுடையவை புறப்படையிலிருந்தும் வளர்வதால், அவற்றுக்குப் பெயர் ஒன்றாயினும் தோற்றம் வேறு. இறாலில் இரண்டாம் உணர்கொம்பு முளைக்கும் கண்டம் பூச்சியின் கருவிலும் இருக்கிறது. அதில் உறுப்பு மட்டும் வளர்வதில்லை. இழப்பு எந்தக் கிளையிலும் தனித்தனியே நேரக்கூடியது. ஆகவே அதை மட்டும் கொண்டு உறவை நிறுவ இயலாது.

வாழிடத்தின் நெருக்கடி எளிதில் எட்டாத பண்புகள் வேறொரு முடிவைச் சொல்கின்றன. பூச்சிகளின் கருவில் நரம்பு மண்டலம் பெரிய நரம்பு மூலச்செல்களிலிருந்து உருவாகிறது. நண்டின் இனத்தாரிடமும் அத்தகைய செல்கள் உண்டு. பலகாலிகளில் செல்கள் கூட்டங்கூட்டமாக உள்நோக்கி இறங்குகின்றன. மைட்டோகாண்ட்ரிய மரபணு வரிசையில் லியூசினைக் கடத்தும் ஆர்.என்.ஏ.வின் மரபணு ஒன்று இடம் மாறியிருப்பதை 1998-இல் ஜெஃப்ரி போர் குழுவினர் காட்டினர். இம்மாற்றம் பூச்சிகளுக்கும் கிரஸ்டேசியாவுக்கும் பொது. பலகாலிகளில் பழைய வரிசையே நீடிக்கிறது. 2010-இல் ஜெரோம் ரீஜியர் குழுவினர் 75 கணுக்காலி இனங்களில் 62 உட்கரு மரபணுக்களை ஒப்பிட்டும் இதே முடிவை எட்டினர்.

பூச்சிகளின் மிக நெருங்கிய உறவாக அண்மை ஆய்வுகள் பலவும் சுட்டுவது ரெமிபீடியா. பஹாமாஸின் நீரடிக் குகைகளிலிருந்து 1981-இல் முதன்முதலாக விவரிக்கப்பட்ட இக்குழுவின் உடலில் மார்பு, வயிறு என்ற பிரிவே இல்லை. நெடுகிலும் நீந்துகால்களோடு அது பூரானை நினைவூட்டும். உருவத்தை மட்டும் நம்பியிருந்தால் இவ்வுறவை எவரும் ஊகித்திருக்க முடியாது.

ஆறு கால், மூன்று உடற்பகுதி என்ற அடையாளங்கள் பூச்சியை இனங்காண இன்றும் பயனுள்ளவை. அவற்றைக் கைவிட வேண்டியதில்லை. ஆயினும் இனங்காண உதவும் பண்பும் வம்சாவளியை நிறுவும் பண்பும் ஒன்றல்ல. பாடநூல்கள் பூச்சிகளையும் கிரஸ்டேசியாவையும் பான்கிரஸ்டேசியா என்னும் ஒரே கிளையில் வைத்துக் கற்பிக்க வேண்டும். ஒவ்வொரு பண்பையும் பட்டியலிடும்போதே, அது மூதாதையிடமிருந்து வந்ததா, சூழலுக்கேற்பத் தனியே தோன்றியதா என்ற கேள்வியையும் மாணவர் முன் வைக்க வேண்டும்.