திரும்பி வந்த கட்டுரை

ராமானுஜனைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கேம்பிரிட்ஜுக்குப் போன கடிதத்தில்தான் ஆரம்பிக்கிறார்கள். அங்கிருந்த கணிதவியலாளர் ஹார்டிக்கு அவர் எழுதிய அந்தக் கடிதத்தின் தேதி 1913 ஜனவரி 16. முப்பது வருடத்துக்கு மேல் கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்த எனக்கு, அதற்கும் முன்னால் நடந்த வேறொரு தபால் போக்குவரத்துதான் பெரிதாகப் படுகிறது. சென்னையிலிருந்து பெங்களூருக்கு ஒரு கட்டுரை போனது. புரியவில்லை என்று திரும்பி வந்தது. திருத்தி அனுப்பினார், மறுபடியும் திரும்பி வந்தது. கடைசியில் 1911-ல், இந்தியக் கணிதச் சங்கத்தின் இதழில் அச்சேறியது. பெர்னூலி எண்களின் சில பண்புகளைப் பற்றிய அந்தக் கட்டுரைதான் ராமானுஜனின் முதல் ஆய்வுக் கட்டுரை.

திருப்பி அனுப்பியவர் இதழாசிரியர் எம். டி. நாராயண ஐயங்கார். பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியில் கணிதப் பேராசிரியர். ராமானுஜனின் எழுத்து மிகவும் சுருக்கமாகவும் புதிதாகவும் இருந்தது, சொல்லும் முறையில் தெளிவு போதவில்லை, பழக்கமில்லாத வாசகரால் பின்தொடர முடியாது என்று அவர் பின்னாளில் பதிவு செய்திருக்கிறார். மேதையைப் புரிந்துகொள்ளாத ஆசிரியர் என்று அவரை ஒதுக்கிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அது பெரிய அநியாயம். அவர் அந்தக் கட்டுரையை நிராகரிக்கவில்லை. வாசகன் எங்கே தடுக்கி விழுவான் என்று பார்த்து, எழுதியவரிடமே திருப்பிக் கொடுத்தார். கல்லூரிப் பட்டம் இல்லாத, நிலையான வேலை இல்லாத ஓர் இளைஞரின் கட்டுரைக்காக ஒரு பேராசிரியர் இவ்வளவு பொறுமை காட்டினார் என்பதுதான் நாம் நினைத்துப் பார்க்க வேண்டியது.

ராமானுஜன் ஏன் அப்படி எழுதினார் என்பதற்குக் காரணம் இருக்கிறது. கும்பகோணத்தில் பதினாறு வயதை ஒட்டி அவர் கைக்குக் கிடைத்த கார் என்பவருடைய புத்தகத்தில் ஏறக்குறைய ஐயாயிரம் முடிவுகள் வரிசையாக இருந்தன, நிரூபணம் சொற்பம். கணிதம் எழுதுவதென்றால் இப்படித்தான் என்று அதிலிருந்து அவர் எடுத்துக்கொண்டிருப்பார். இன்னொன்று, காகித விலை. அவர் சிலேட்டில் கணக்குப் போட்டு, முழங்கையாலேயே அழித்து, முடிவை மட்டும் நோட்டில் ஏற்றிக்கொள்வார். இடையில் உள்ள படிகள் சிலேட்டோடு போயின. ஆய்விதழுக்குக் கட்டுரை தயாரிப்பது என்றால் அந்த அழிந்துபோன படிகளை இன்னொருவருக்காக மறுபடி எழுதிக் காட்டுவது. ராமானுஜனுக்கு அது புதிய வேலை.

அந்தக் கட்டுரைக்குள் கொஞ்சம் போய்ப் பார்க்கலாம். பெர்னூலி எண்கள், குறியை விட்டுவிட்டால், n = 2, 4, 6 என்ற இரட்டை எண்களுக்கு முறையே 1/6, 1/30, 1/42, 1/30, 5/66, 691/2730 என்று போகும். பகுதிகளை மட்டும் பாருங்கள்: 6, 30, 42, 66, 2730. ஒவ்வொன்றிலும் 2 ஒரே ஒரு முறை, 3 ஒரே ஒரு முறை காரணியாக வரும். 42 என்பது 2, 3, 7-இன் பெருக்கல். 2730 என்பது 2, 3, 5, 7, 13-இன் பெருக்கல். ராமானுஜன் இதைச் சொல்கிறார், அது சரி. ஐரோப்பாவில் 1840-லேயே நிறுவப்பட்ட முடிவுக்குள் அடங்குவதுதான் இது.

இன்னொரு கூற்றும் இருக்கிறது. n-ஆவது பெர்னூலி எண்ணை n-ஆல் வகுத்துச் சுருக்கினால் தொகுதியில் 1 அல்லது பகா எண்தான் நிற்கும் என்பது அது. முதலில் சில 1 வரும். 12-இல் 691, பகா எண். 16-இல் 3617, 18-இல் 43867. இரண்டும் பகா எண்கள். நம்பத்தான் தோன்றும். 20-இல் 174611 வருகிறது. அது 283-ஐ 617-ஆல் பெருக்கிய எண். கூற்று அங்கேயே உடைந்துவிடுகிறது. நிரூபணம் இல்லாமல் வைத்த கூற்று அது, அப்படியே அச்சாகிவிட்டது. ராமானுஜனின் பெருமை இதனால் இம்மியும் குறையாது. ஆனால் ‘படியை எழுதிக் காட்டு’ என்று கேட்கும் ஆசிரியர் எதற்காக வேண்டும் என்று மாணவர்கள் என்னிடம் கேட்டபோதெல்லாம் கரும்பலகையில் இந்த எண்ணைத்தான் எழுதினேன்.

அந்த இதழ் பிறந்த கதையையும் சொல்ல வேண்டும். டெபுடி கலெக்டர் வி. ராமசாமி ஐயர் 1907-ல் கடிதம் எழுதிக் கூப்பிட்டு ஆள் சேர்த்த சங்கம் அது. வெளிநாட்டு இதழ்களைத் தனியாளாக வாங்கக் கட்டுப்படியாகாத கணித ஆசிரியர்கள் சந்தா போட்டு வாங்கி, தபாலில் ஒருவர் மாற்றி ஒருவர் படித்தார்கள். இரண்டு வருடத்தில் சொந்தமாக ஓர் இதழ். 1910-ல் தாலுகா ஆபீசில் ஒரு குமாஸ்தா வேலை கேட்டு ராமானுஜன் நோட்டுடன் போய் நின்றது திருக்கோயிலூரில், இதே ராமசாமி ஐயர் முன்னால்தான். இந்த ஆளை ரெவின்யூ இலாகாவின் கடைசிப் படியில் உட்காரவைத்து வீணாக்க மனம் வராமல், அவர் சென்னையில் இருந்த கணிதக்காரர்களிடம் அனுப்பிவைத்தார். அப்படி ஒரு சங்கமும் இதழும் இல்லாதிருந்தால் ராமானுஜன் எழுதி அனுப்ப இங்கே முகவரியே இருந்திருக்காது.

இன்றைய முறையிலான நடுவர் குழு, மதிப்பீட்டுப் படிவம் எதுவும் அன்று அந்த இதழுக்கு இருந்ததாகத் தெரியவில்லை. ராமானுஜனின் கட்டுரையைப் படித்துத் திருப்பி அனுப்பியது ஆசிரியர்தான். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ‘நேச்சர்’ இதழே எல்லாக் கட்டுரைகளுக்கும் நடுவர் கருத்தை முறையாக்கியது 1973-ல்தான்.

கேம்பிரிட்ஜ் போன பிறகு, படிகளை எழுதிக் காட்டும் வேலையில் ராமானுஜனுக்கு ஹார்டி துணை நின்றார். 1915-ல் லண்டன் கணிதச் சங்கத்தின் இதழில் வந்த கட்டுரை ராமானுஜனுடையவற்றில் மிக நீளமானவற்றில் ஒன்று. தன்னைவிடச் சிறிய எந்த எண்ணையும்விட அதிக வகுஎண்கள் கொண்ட எண்களைப் பற்றியது: 12, 24, 36, 48, 60 என்று போகும் வரிசை. இந்த ஆய்வுக்குத்தான் 1916-ல் அவருக்கு பி.ஏ. பட்டம் கிடைத்தது. ஆனால் எழுதியது முழுவதும் அச்சாகவில்லை. போர்க்காலம், சங்கத்தில் பணமுடை. செலவைக் குறைக்க ஒரு பகுதியை எடுத்துவிட்டார்கள்.

கணிதத்தை அச்சடிப்பது எவ்வளவு செலவு பிடித்த வேலை என்று இன்று கைப்பேசியில் சமன்பாடு அனுப்புகிற பிள்ளைகளுக்குப் புரியாது. மேல்குறி, கீழ்க்குறி, கிரேக்க எழுத்து என்று ஒவ்வொன்றையும் ஈய எழுத்தாகப் பொறுக்கிக் கோக்க வேண்டும். அச்சகம் சாதாரணப் பக்கத்தைவிடக் கூடுதல் கூலி கேட்கும்.

எழுபதுகளின் கடைசியில் நான் சேப்பாக்கத்தில் ஆய்வு மாணவியாக இருந்தபோதும் ஆசிரியருக்குப் போகும் படி தட்டச்சில்தான் தயாரானது. திருவல்லிக்கேணியில் ஒரு மாடிப்படிக்கு அடியில் ஜாப் டைப்பிங் செய்த ஓர் அக்கா இருந்தார். மூன்று தாள், நடுவில் இரண்டு கார்பன். இரட்டை இடைவெளி, இடப்பக்கம் அகலமான மார்ஜின். கீழ்க்குறி வந்தால் உருளையை அரை வரி மேலே திருப்பி அடித்துவிட்டு இறக்குவார். தொகையீட்டுக் குறிக்கும் சிக்மாவுக்கும் இடம் விட்டுவிடுவார். அதைக் கறுப்பு மையில் மூன்று படியிலும் நான் கையால் எழுத வேண்டும். அந்த மெஷினில் 1 என்ற எண்ணே கிடையாது. ஆங்கிலச் சின்ன ‘எல்’தான் இரண்டுக்கும்.

“இது ஒண்ணா, ‘எல்’லா? பென்சில்ல ஓரத்துல குறிச்சுக் குடு. அங்க படிக்கிறவருக்கு நீ பக்கத்துல உக்காந்து சொல்ல முடியாது” என்பார்.

அக்கா படித்தது எஸ்.எஸ்.எல்.சி. வரைதான். ஆனால் படிக்கிறவர் பக்கத்தில் எழுதியவர் இருக்கமாட்டார் என்பதை என் வழிகாட்டிக்குச் சமமாக எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர். நாராயண ஐயங்கார் ராமானுஜனிடம் கேட்டதும் இதைத்தான்.

1977-ல் கணினி அறிவியலாளர் டொனால்ட் நூத் தன் புத்தகத்தின் புதிய பதிப்புக்கு வந்த மெய்ப்பைப் பார்த்து, அச்சின் தரம் பிடிக்காமல், கணினியில் கணிதத்தைக் கோக்கத் தானே ஒரு மென்பொருள் எழுத உட்கார்ந்தார். அதுதான் டெக். அதன் மேல் எழுந்த லாடெக்கில்தான் இன்று உலகம் முழுக்கக் கணிதக் கட்டுரைகள் எழுதப்படுகின்றன. மேலைநாட்டு ஆய்விதழ்கள் பலவற்றுக்குப் பக்கம் கோத்துக் கொடுப்பது சென்னையிலும் புதுச்சேரியிலும் இருக்கும் நிறுவனங்கள். அங்கே உட்கார்ந்து ஒரு கமா இடம் மாறியதைக்கூடக் கண்டுபிடித்து ஆசிரியருக்குக் கேள்வி அனுப்பும் நம் பிள்ளைகளின் பெயர் எந்தக் கட்டுரையிலும் வருவதில்லை.

1915-ல் எடுத்துவிட்ட பகுதியின் கையெழுத்துப் படி அழிந்துபோகவில்லை. 1997-ல் ‘ராமானுஜன் ஜர்னல்’ தொடங்கியபோது அதன் முதல் தொகுதியில், ழான்-லூயி நிக்கோலா, கீ ரோபின் இருவரின் குறிப்புகளோடு அது அச்சேறியது. இதழைத் தொடங்கியவர் சென்னைக்காரரான கிருஷ்ணசுவாமி அல்லாடி. காகிதத்தை யாரோ தூக்கி எறியாமல் வைத்திருந்ததால்தான் 82 வருடம் கழித்து அது குறிப்புகளோடு அச்செழுத்தில் வாசகரிடம் வந்து சேர்ந்தது.

நம் கல்லூரிகளின் கணிதத் துறை அலமாரிகளில் இன்னும் பழைய தட்டச்சுப் படிகளும், ஓரத்தில் ஆசிரியர்கள் சிவப்பு மையில் கேள்வி எழுதித் திருப்பி அனுப்பிய கட்டுரைகளும், அவர்களுடைய கடிதங்களும் கிடக்கின்றன. ஓய்வுபெற்ற பேராசிரியர்களின் வீட்டுப் பரணிலும் இருக்கும். இடம் போதவில்லை என்று அவற்றை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஒரு பெட்டியில் கட்டி, யாருடையது, எந்த வருடம், யார் தட்டச்சு செய்தது, எந்த ஆசிரியர் திருத்தினார் என்று ஒரு சீட்டு எழுதி, கல்லூரி நூலகத்தில் ஒப்படையுங்கள்.