தாடையெலும்பின் சாட்சியம்

சுழிக்குறி இல்லாத அளவுகோலைக் கொண்டு எதையேனும் அளக்க முடியுமா? பால்டிக் கடலின் சாம்பல் நிறச் சீல்களைப் பற்றிய ஆய்வில் அந்தச் சுழிக்குறியாக அமைந்தவை பழைய மண்டையோடுகளே.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் என மதிப்பிடப்படும் இப்பாலூட்டிகள், 1970-களில் சில ஆயிரங்களாகக் குறைந்துவிட்டன. வேட்டை ஒரு காரணம். ஆனால் இறந்து கிடைத்தவற்றின் தாடையெலும்பு அரிக்கப்பட்டு, பற்குழிகள் சிதைந்திருந்தன. இது முதுமையின் தேய்வுதானா? அப்படியானால் பழைய மண்டையோடுகளிலும் அதே அளவில் இருக்க வேண்டுமல்லவா? ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் அருங்காட்சியகச் சேகரிப்பை ஆண்டுவாரியாக ஒப்பிட்டு, 1992-இல் முடிவை வெளியிட்டனர். 1960-க்குப் பிந்தையவற்றிலேயே சேதம் மிகுந்திருந்தது!

அப்படியானால் கடலில் புதிதாகக் கலந்தது எது? 1966-இல் சோரன் யென்சன் என்ற ஸ்வீடன் நாட்டு வேதியியலார், மீனிலும் கழுகிலும் பி.சி.பி. என்னும் இரசாயனம் இருப்பதைக் கண்டறிந்திருந்தார். மின்மாற்றிகளில் பயன்பட்ட இது எளிதில் தீப்பற்றாது, சிதையாது. நமக்கு உதவிய அக்குணமே சீல்களுக்குக் கேடாயிற்று. மீன் வழியே சென்று, அவற்றின் கொழுப்பில் ஆண்டுக்கணக்கில் சேர்ந்தது. இதுவும் டி.டி.டி.யும் அட்ரீனல் சுரப்பியைப் பாதித்ததால் எலும்பு கரைந்திருக்கலாம் என ஆய்வாளர்கள் கருதினர்.

1970-களில் இவ்விரண்டுக்கும் கட்டுப்பாடுகள் வந்தன, வேட்டையும் குறைந்தது. சீல்கள் மீண்டும் பெருகியுள்ளன.

உங்கள் கல்லூரி விலங்கியல் கூடத்தில் தூசி படிந்த எலும்புகள் உள்ளனவா? கிடைத்த இடத்தையும் ஆண்டையும் குறித்த சீட்டோடு அவற்றைக் காத்து வையுங்கள். நாளைய அளவீட்டுக்கு அவையே சுழிக்குறி.