குடும்ப அட்டையும் குழந்தையின் பங்கும்



காஞ்சிபுரம் மாவட்டத்து ஒரகடத்தில் ஒப்பந்தத் தொழிலாளி ஒருவரின் வீட்டை எண்ணிப் பாருங்கள். மாதந்தோறும் சம்பளச் சீட்டு வருகிறது. அதில் வாடகை முதலில் போகிறது. மளிகைக் கணக்கு அடுத்து நிற்கிறது. சம்பளம் நின்ற இடத்திலேயே நிற்க, பிள்ளைகளின் பசி மட்டும் ஆண்டுக்கு ஆண்டு வளர்கிறது. சம்பளச் சீட்டு இருக்கிறது என்பதனாலேயே அவ்வீட்டுக்கு உதவி தேவையில்லை என்று சொல்லிவிடலாமா? இக்கேள்வி புதியதன்று.

கலீஃபா உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் பைத்துல்மாலிலிருந்து குழந்தைகளுக்கும் உதவித்தொகை ஒதுக்கப்பட்டது. ஆனால் பால்குடி மறந்த குழந்தைக்கே அது உண்டு என்பது விதி. வணிகக் கூட்டமொன்று மதீனாவின் வெளிப்புறத்தில் தங்கியிருந்த இரவில், அவர்களுக்குக் காவலிருந்த உமர் (ரலி) அவர்களின் காதில் ஒரு குழந்தையின் அழுகுரல் ஓயாமல் விழுந்தது. தாயிடம் காரணம் கேட்டார்கள். கேட்பவர் யாரென்று அறியாத அப்பெண், உதவித்தொகைக்காகவே பிள்ளைக்கு முன்கூட்டியே பால் மறக்கடிப்பதாகச் சொன்னாள். மறுநாள் பஜ்ருத் தொழுகையில் கலீஃபாவின் ஓதுதல் அழுகையால் தெளிவாகக் கேட்கவில்லை என்றும், அன்றே பிறந்த குழந்தை அனைத்திற்கும் பங்கு உண்டு என அறிவிக்கப்பட்டது என்றும் வரலாற்று நூல்கள் கூறுகின்றன. விதி நல்லெண்ணத்தோடு வகுக்கப்பட்டதுதான். ஆனால் அதன் நிபந்தனை போய் விழுந்தது ஒரு மழலையின் வயிற்றில்!

நம் தமிழகத்திலும் உணவுக்கு விதி வகுத்த வரலாறு நீண்டது. 1942-இல் பர்மா ஜப்பானியர் வசமானதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. போர்க்காலப் பங்கீடு வந்தது. 1952-இல் முதல்வரான இராஜாஜி உணவுக் கட்டுப்பாட்டை நீக்கினார். அறுபதுகளின் நடுவில் வறட்சியும் அரிசிப் பஞ்சமும் மக்களை வாட்டின. 1967-இல் ஆட்சிக்கு வந்த அறிஞர் அண்ணா ரூபாய்க்கு ஒரு படி அரிசித் திட்டத்தைச் சென்னையிலும் கோவையிலும் தொடங்கினார். நிதி இடம் கொடாததால் அது மாநிலமெங்கும் விரியவில்லை. 1972-இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் அமைந்தது.

உண்மையான சோதனை 1997-இல் வந்தது. வறுமைக் கோட்டுக்குக் கீழே, மேலே என மக்களை இரண்டாகப் பிரித்துப் பொருள் வழங்குமாறு மத்திய அரசு முறையை மாற்றியது. தமிழகம் அந்தக் கோட்டைக் கிழிக்க மறுத்தது. அட்டை உள்ளவர் கேட்டால் அரிசி. அரிசி வேண்டாதவர் தாமே சர்க்கரை அட்டையைத் தேர்ந்துகொள்ளலாம். விலக்குவது அதிகாரி அல்லர், குடும்பமே தன்னை விலக்கிக்கொள்ளும் என்ற ஏற்பாடு இது. பின்னர் இங்கும் ஒரு தடுமாற்றம் நேர்ந்தது. மாதம் 5,000 ரூபாய்க்கு மேல் வருவாயுள்ள குடும்பங்களின் அட்டையில் 'எச்' முத்திரை குத்தி அரிசியை நிறுத்தினர். 2004 மக்களவைத் தேர்தல் முடிவுக்குப் பின் அம்முத்திரை கைவிடப்பட்டது. (பள்ளிவாசல்களுக்கு நோன்புக் கஞ்சி அரிசி வழங்கும் முறையை 2001-இல் தொடங்கியதும் அதே அரசுதான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

அந்த முத்திரை நிலைத்திருந்தால் ஒரகடத்தில் என்ன நிகழ்ந்திருக்கும்? 2010-இல் ரெனால்ட் நிசான் ஆலையும் 2012-இல் டெய்ம்லர் ஆலையும் அங்கே திறக்கப்பட்டன. ஏரிகள் நிறைந்த மாவட்டம் அது. வீட்டில் நெல் சேமித்துவைத்த குடும்பங்கள், நிலம் கைமாறியபின் அரிசியை விலைக்கு வாங்கும் குடும்பங்களாயின. வெளி மாவட்டங்களிலிருந்து வந்தோர் வாடகை அறைகளில் குடியேறினர். காகிதத்தில் பார்த்தால் இவர்களில் பெரும்பாலோர் மாதச் சம்பளக்காரர்கள். வருவாய்க் கோடு கிழித்திருந்தால் முதலில் வெளியே நின்றிருப்பவர்கள் இவர்களே.

2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி விலையின்றி வழங்கப்படுகிறது. நான்கு பேர் கொண்ட வீட்டுக்கு 20 கிலோ. அதில் ஒரு பங்கு சோறாகிறது. ஒரு பங்கு இட்லி மாவாக ஆட்டப்படுகிறது. கணக்கறிந்த இல்லத்தரசி அரிசிக்கான காசை அப்படியே காய்க்கும் பாலுக்கும் திருப்பிவிடுகிறாள். இதுதான் இத்திட்டத்தின் மெய்யான பயன் என்பேன். அரிசி மட்டும் பிள்ளையை வளர்க்காது! 2007 முதல் சிறப்புத் திட்டத்தில் பருப்பும் பாமாயிலும் வந்தன. இன்று துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். 1982-இல் விரிவாக்கப்பட்ட சத்துணவில் 2010 முதல் பள்ளி நாள்தோறும் முட்டை. 2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம், மறு ஆண்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்திற்கும் சென்றது. முதல் ஷிப்டுக்கு விடியுமுன் பேருந்து ஏறும் தாய்க்கு இது எத்தகைய ஆறுதல் என்பதைச் சிந்தித்துப் பாருங்கள்.

குறையும் இருந்தது. உறுப்பினர் எத்தனை பேரானாலும் ஓர் அட்டைக்கு 20 கிலோவே உச்ச அளவு என்ற விதி, பெருகும் குடும்பத்தைத்தான் அழுத்தியது. 2016 நவம்பரில் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் இங்கு நடைமுறைக்கு வந்தபின், முன்னுரிமைக் குடும்பங்களுக்குத் தலைக்கு 5 கிலோ என்ற கணக்கில் அந்த எல்லை தளர்ந்தது. மற்றக் குடும்பங்களையும் விலக்காமல் அச்செலவை மாநில அரசே ஏற்றது.

மற்றொரு குறை ஊர் மாற்றம். அட்டை சொந்த ஊரில், அடுப்பு ஒரகடத்தில் என்றால் அரிசி அங்கேயே தங்கிவிடும். 2020 அக்டோபரில் ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை முறை தமிழகத்தில் நடைமுறைக்கு வந்தது முதல், முகவரியை மாற்றாமலேயே தாம் வாழும் ஊரின் கடையில் கைரேகை வைத்துப் பொருள் வாங்கலாம். ஆனால் அட்டையில் ஏறாத பெயருக்கு எந்த ஊர்க் கடையிலும் அளவில்லை. ஆகவே பிள்ளை பிறந்த வீட்டார், பிறப்புச் சான்றிதழ் கைக்கு வந்தவுடன் அதன் பெயரை அட்டையில் சேர்த்துவிடுங்கள்.