கத்னாவும் வலி நீக்கமும்: ஒரு வரலாற்று நோக்கு

மார்க்கக் கல்யாணம் என்றும் சுன்னத் கல்யாணம் என்றும் நம் மக்கள் வழங்கும் அந்த வைபவத்தை, விவரம் தெரிந்த வயதில் அதற்கு உள்ளானவர்கள் எவரும் எளிதில் மறப்பதில்லை. முதல் நாள் மாலை புத்தாடையும் பூமாலையும் பைத்து ஓதிய ஊர்வலமும் நமக்கு இன்றும் நினைவில் இருக்கின்றன. மறுநாள் காலை நம்மைக் கவிழ்த்த உரலின்மீது அமர்த்தி, தாய்மாமன் பின்னாலிருந்து இரு கைகளையும் பற்றிக்கொண்டார். வெள்ளை வேட்டி உடுத்த முதியவர் ஒருவர் முன்னால் குந்தியிருந்தார். "மேலே பாருங்க வாப்பா, குருவி பறக்குது" என்றார். நாம் மேலே பார்த்தோம். ஓட்டுக்கூரையைத் தவிர அங்கே வேறொன்றும் இருக்கவில்லை. அடுத்த கணம் கூடியிருந்தோரின் ஸலவாத்து முழக்கத்தில் நம் அலறல் நமக்கே கேட்கவில்லை.

அந்தக் குருவிதான் அன்றைக்கு நமக்குக் கிடைத்த ஒரே வலி நிவாரணி. நாம் அப்படித்தான் நினைத்திருந்தோம். பல ஆண்டுகளுக்குப் பிறகு, அரபு மருத்துவ நூல்களைப் புரட்டும் வாய்ப்புக் கிடைத்தபோதுதான், அந்த முதியவர் அறிந்தோ அறியாமலோ ஆயிரம் ஆண்டுப் பழமை உடைய முறை ஒன்றைக் கையாண்டார் என்பது நமக்கு விளங்கியது.

ஸ்பெயின் நாட்டுக் குர்துபாவை அடுத்த மதீனத்துஸ் ஸஹ்ரா நகரில் வாழ்ந்த அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி, அறுவை மருத்துவத்தின் தந்தை எனப் போற்றப்படுபவர். அவர் இயற்றிய 'கிதாபுத் தஸ்ரீஃப்' 30 பகுதிகளைக் கொண்டது. அதன் இறுதிப் பகுதி முழுவதும் அறுவை மருத்துவம். 12ஆம் நூற்றாண்டில் கிரிமோனா நகரத்து ஜெரார்டு அதனை இலத்தீனில் பெயர்த்தபின், ஐரோப்பிய மருத்துவர்கள் பல நூற்றாண்டுகள் அதையே பாடநூலாகக் கொண்டார்கள். அந்நூலில் சிறுவர்களின் கத்னா பற்றித் தனி அத்தியாயம் இருக்கிறது. முன்னோரான கிரேக்கர்களின் சமயநெறியில் இவ்வழக்கம் இல்லாததால் அவர்கள் நூல்களில் இதுபற்றி ஒன்றும் காணக் கிடைக்கவில்லை என்றும், தாம் எழுதுவது தம் அனுபவத்தில் கண்டது என்றும் ஸஹ்ராவி தொடங்குகிறார்.

அதன்பின் அவர் எழுதுவதை நாம் ஊன்றிப் படிக்க வேண்டும். சவரக்கத்தியால் செய்வோர் உண்டு, கத்தரியால் செய்வோர் உண்டு, நூலால் கட்டிச் செய்வோர் உண்டு; எல்லாவற்றையும் தாம் செய்து பார்த்ததாகக் கூறி, நூல் கட்டிக் கத்தரியால் வெட்டுவதையே சிறந்ததெனத் தேர்கிறார். அதற்குச் சொல்லும் காரணந்தான் முக்கியமானது. முன்தோல் இரண்டு அடுக்குகளால் ஆனது. சவரக்கத்தியால் வெட்டும்போது மேலடுக்கு மட்டும் அறுபட்டுக் கீழடுக்கு நின்றுவிடக் கூடும். அப்போது மீண்டும் ஒருமுறை வெட்ட நேரும். சிறுவனுக்கு வலி புதிதாகத் தொடங்கும். கருவியைத் தேர்வதற்கு வலியை ஓர் அளவுகோலாகக் கொண்ட மருத்துவர் அவர்.

மேலும் சொல்கிறார்: ஓரளவு விவரம் தெரிந்த சிறுவனாக இருந்தால், இன்று நூலை மட்டும் கட்டிவிட்டு விட்டுவிடப் போகிறோம் என்று அவன் நம்பும்படிச் செய்ய வேண்டும். அவன் அறிவுக்கு எட்டிய வகையிலெல்லாம் அவனை மகிழ்விக்க வேண்டும். உட்கார வைக்காமல் எதிரே நிற்க வைக்க வேண்டும். கத்தரியைச் சட்டைக் கைக்குள்ளோ காலடியிலோ மறைத்துக்கொள்ள வேண்டும்; அதுவோ வேறெந்தக் கருவியோ அவன் கண்ணில் படவே கூடாது. அச்சம் வலியைப் பெருக்கும் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார். நம் ஊர் முதியவரின் குருவி இந்த வம்சத்தைச் சேர்ந்ததுதான்.

ஆனால் வலி மறக்கச் செய்யும் மருந்து அக்காலத்தில் இல்லாமலா இருந்தது? இருந்தது. இப்னு ஸீனா தமது 'கானூன்' நூலில் 'முகத்திராத்' எனப்படும் மரத்துப்போகச் செய்யும் பொருள்களை விவரிக்கிறார். அபினை அவற்றுள் வலிமை மிக்கதாகக் குறிக்கிறார். பனிக்கட்டியால் குளிர்ந்த நீரையும் அவ்வரிசையில் சேர்க்கிறார். அவருக்கு முன்னூறு ஆண்டுகளுக்கு முந்திய செய்தியும் உண்டு. தாபிஈன்களில் ஒருவரான உர்வா இப்னு ஸுபைர் (ரஹ்) அவர்களின் காலில் அழுகல் நோய் கண்டபோது, காலை வெட்டுவதற்கு முன் உறங்கச் செய்யும் பானம் ஒன்றை அருந்தும்படி மருத்துவர்கள் வேண்டினார்கள். அவர்கள் மறுத்துவிட்டார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். பொறுமைக்கு எடுத்துக்காட்டாக மதரஸாக்களில் இந்நிகழ்ச்சியை நாம் சொல்லாத ஆண்டில்லை. இதன் மறுபக்கத்தை நாம் சொல்வதில்லை. உர்வா (ரஹ்) அவர்கள் பேரறிஞர், முதியவர், தம் உடலைப் பற்றித் தாமே முடிவு செய்தவர். ஏழு வயதுச் சிறுவனிடம் எவரும் எதையும் கேட்பதில்லை. அவன் பொறுமை காட்ட வேண்டும் என்று நாமாக முடிவு செய்வதற்கு இந்த வரலாறு எப்படி ஆதாரமாகும்?

பிக்ஹு நூல்களும் இதில் வாய் மூடி இருக்கவில்லை. அழுகிய கையை வெட்டுவதற்காக அறிவை மயக்கும் மருந்தைக் கொடுக்கலாமா என்ற மஸ்அலாவை எடுத்துக்கொண்ட இமாம் நவவி (ரஹ்) அவர்கள், கூடும் என்பதே சரியான கருத்து என்று 'ரவ்ளா'வில் முடிவு சொல்கிறார்கள். அறுக்கப்படும் பிராணிக்குக் கூடக் கத்தியைத் தீட்டி வேதனையைக் குறைக்கும்படிப் பணிக்கும் ஹதீஸை அந்த இமாமவர்களே தமது நாற்பது ஹதீஸ் தொகுப்பில் சேர்த்திருக்கிறார்கள்.

எனினும் அபின் போன்றவற்றைச் சிறு குழந்தைகளுக்கு அளவறிந்து கொடுப்பது உயிரோடு விளையாடுவதாகும் என்பதால், கத்னாவைப் பொறுத்தவரை உலகம் நெடுங்காலம் ஓசையையும் வேடிக்கையையுமே நம்பியிருந்தது. உதுமானிய சுல்தான் மூன்றாம் முராது, 1582ல் தம் மகன் இளவரசர் மெஹ்மதுக்கு நடத்திய கத்னா விழா ஐம்பது நாட்களுக்கு மேல் நீடித்தது. வாணவேடிக்கை, கழைக்கூத்து, கைத்தொழிற் குழுக்களின் அணிவகுப்பு என்று அதை வருணிக்க ஓவியங்கள் நிறைந்த தனி நூலே எழுந்தது. இளவரசருக்குக் கத்னா செய்த அறுவை மருத்துவர் பின்னாளில் பேரமைச்சராகவும் உயர்ந்தார். இளவரசருக்கு எவ்வளவு வலித்தது என்று எழுதத்தான் எவருக்கும் தோன்றவில்லை.

1846ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஈதர் ஆவியால் மயக்கி அறுவை செய்து காட்டினார்கள். 1884ல் வியன்னாவைச் சேர்ந்த கார்ல் கோலர், கோக்கேன் கரைசலால் கண்ணை மட்டும் மரத்துப்போகச் செய்யலாம் என்று கண்டார். முழு மயக்கம் இல்லாமல் ஓரிடத்தை மட்டும் மரக்கச் செய்யும் வழி அப்போதுதான் திறந்தது. 1943ல் ஸ்வீடனில் லோஃப்கிரன், லுண்ட்க்விஸ்ட் என்னும் இருவர் லிடோக்கெயினை உருவாக்கினார்கள். பல் பிடுங்கப் போனவர்கள் எல்லோரும் அறிந்த மருந்து அது. சிறுநீர் மருத்துவர்களும் பின்தங்கி நிற்கவில்லை. 1933லேயே காம்ப்பெல் என்ற அமெரிக்கர், சிறுவர்களின் சிறுநீர்ப்பையைக் கருவி செலுத்திப் பார்ப்பதற்காக முதுகெலும்பின் அடிமுனையில் ஊசி போட்டு இடுப்பின் கீழ் மரக்கச் செய்யும் முறையை எழுதி வெளியிட்டார்.

மருந்து வந்துவிட்டது. ஆனால் பச்சிளம் குழந்தைக்கு அது கிடைக்கவில்லை. ஏன்? குழந்தைக்கு வலி தெரியாது என்று மருத்துவ உலகமே நம்பியதுதான் காரணம். 1941ல் நியூயார்க்கில் மெக்ரா என்ற ஆய்வாளர் குழந்தைகளைக் குண்டூசியால் குத்திப் பார்த்து, பிறந்த குழந்தையின் மூளை இன்னும் வலியை உணரும் அளவுக்கு முதிரவில்லை என்ற கருத்துக்கு வலுவூட்டினார். நம் வீட்டுப் பெரியவர்கள் "பச்சைப் புள்ளைக்கு என்ன தெரியும்?" என்று சொன்னதை மேலை நாட்டுப் பேராசிரியர்களும் வேறு சொற்களில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளின் மார்பைத் திறந்து செய்த அறுவையில்கூட, தசைகளை அசையாமல் செய்யும் மருந்தை மட்டும் கொடுத்துவிட்டு வலி நீக்கும் மருந்தைக் கொடுக்காமல் விட்டார்கள். அசையாத குழந்தை அழாது. அழாததனால் வலிக்கவில்லை என்று கொண்டார்கள். இதை எழுதும்போது நம் கை தயங்குகிறது.

இந்த இருளில் விளக்கேற்றியவர் இந்தூரில் மருத்துவம் பயின்று ஆக்ஸ்ஃபோர்டுக்குச் சென்ற இந்தியரான ஆனந்த். அத்தகைய குழந்தைகளில் ஒரு சாராருக்கு ஃபென்டனில் என்ற வலி நீக்கும் மருந்தையும் சேர்த்துக் கொடுத்து, இரத்தத்தில் சுரக்கும் பொருள்களை அளந்து ஒப்பிட்டார். மருந்து பெறாத குழந்தைகளின் உடல் கடும் வேதனையின் அடையாளங்களை எல்லாம் காட்டியது. அவர்களுக்கே பின்விளைவுகளும் மிகுதியாக இருந்தன. 1987ல் வெளிவந்த இந்த ஆய்வும் அதே ஆண்டில் அவர் எழுதிய மற்றொரு கட்டுரையும் பழைய நம்பிக்கையின் அடித்தளத்தை அசைத்தன.

கத்னாவைப் பொறுத்தவரை அதற்குச் சற்று முன்பே ஒரு தொடக்கம் இருந்தது. 1978ல் கிர்யா, வெர்த்மன் என்ற இருவர், உறுப்பின் மேற்புறமாக ஓடும் இரு நரம்புகளை அடியிலேயே மரக்கச் செய்யும் முறையை வெளியிட்டார்கள். கடிகார முகப்பை மனத்தில் கொண்டால் 10 மணியும் 2 மணியும் இருக்கும் இடங்களில் இரண்டு சிறு ஊசிகள், சில நிமிடம் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். உறுப்பைச் சுற்றி வளையம்போல் மருந்தேற்றும் முறை ஒன்றும் வழக்கத்துக்கு வந்தது. ஊசியே வேண்டாம் என்போருக்கு லிடோக்கெயினும் பிரிலோக்கெயினும் கலந்த களிம்பு 1980களில் வந்தது.

1991ல் நடந்த ஓர் ஆய்வு நமக்குத் தனிச் சுவை உடையது. கத்னா செய்யப்பட்ட குழந்தைகளின் வாயில் சர்க்கரை நீர் தோய்ந்த சூப்பானை வைத்தபோது அழுகை வெகுவாகக் குறைந்தது; வெறும் நீர் தோய்ந்த சூப்பான் அந்த அளவுக்குப் பயன் தரவில்லை. இதைப் படித்ததும், பிறந்த குழந்தையின் வாயில் பேரீச்சம்பழத்தை மென்று தடவும் தஹ்னீக் சுன்னத்து நம் நினைவுக்கு வந்தது. அந்தச் சுன்னத்து வலி நீக்கத்துக்காக ஏற்பட்டது என்று நாம் சொல்லத் துணியவில்லை. அறிவியலில் புதிதாக எது வந்தாலும் அது நம்மிடம் முன்பே இருந்தது என்று முழங்கும் பழக்கம் நம் மேடைகளில் பெருகிவிட்டது. அந்த வரிசையில் நாமும் நிற்க விரும்பவில்லை. சர்க்கரை நீர் மட்டும் போதாது என்பதையும் பிந்தைய ஆய்வுகள் காட்டிவிட்டன.

1997ஆம் ஆண்டு இத்துறையில் மறக்க முடியாதது. கனடாவின் எட்மன்டன் நகரத்து ஆய்வாளர்கள் 52 பச்சிளம் குழந்தைகளிடம் வளைய ஊசி, நரம்பு ஊசி, களிம்பு ஆகிய மூன்றையும், மருந்தில்லாப் போலிக் களிம்பையும் ஒப்பிட்டார்கள். போலிக் களிம்பு பெற்றவர்களில் இரு குழந்தைகளுக்கு மூச்சுத் திணறலும் மூச்சு நிற்றலும் ஏற்பட்டன. மருந்தில்லாத கத்னா வெறும் அழுகையோடு முடிவதல்ல என்பது ஊரறிய வெளிப்பட்டது. அறுவையின் எல்லாக் கட்டங்களிலும் பயன் தந்தது வளைய ஊசியே. அதே ஆண்டு டொரொன்டோவில் 87 குழந்தைகளை அவர்களின் நான்காம் அல்லது ஆறாம் மாதத் தடுப்பூசியின்போது கவனித்தார்கள். மருந்தின்றிக் கத்னா செய்யப்பட்டவர்கள், செய்யப்படாதவர்களைவிட அதிகமாகத் துடித்து அழுதார்கள். களிம்பு தடவிச் செய்யப்பட்டவர்கள் இடையில் நின்றார்கள். குழந்தை மறந்துவிடும் என்று நாம் ஆறுதல் சொல்லிக்கொள்கிறோம். மாதங்கள் கடந்தும் அந்தச் சிறு உடல் மறக்கவில்லை.

1999ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம், கத்னாவின்போது வலி நீக்கம் அளிக்க வேண்டும் என்று அறிவித்தது. 2004ல் 35 ஆய்வுகளையும் 1,997 குழந்தைகளையும் தொகுத்து நோக்கிய பெருந்தொகுப்பு, நரம்பு ஊசியே மிகுந்த பயனுடையது, களிம்பு அதற்கு அடுத்தது, எதுவும் வலியை அறவே போக்கிவிடுவதில்லை என்று கூறியது. இந்தக் கடைசிச் செய்தியை மறைக்காமல் சொன்ன நேர்மையை நாம் மதிக்கிறோம். வளர்ந்த சிறுவர்களுக்கு முழு மயக்கத்தோடு இந்த ஊசிகளையும் சேர்ப்பது வழக்கமாயிற்று. முதுகடி ஊசி வலியை நன்கு அடக்கினாலும் சிறிது நேரம் கால்கள் தளர்ந்துவிடுவதால் நரம்பு ஊசியை விரும்புவோர் உண்டு.

எச்சரிக்கை ஒன்றையும் சொல்ல வேண்டும். பிரிலோக்கெயின் அளவு மீறினால், அதிலும் கைக்குழந்தைகளுக்கு, இரத்தம் உயிர்க்காற்றைச் சுமக்கும் ஆற்றலை இழந்து உடல் நீலம் பாரிக்கும். துருக்கியில் கத்னாவுக்குப் பின் இவ்வாறு நேர்ந்ததை அந்நாட்டு மருத்துவர்களே எழுதியிருக்கிறார்கள். உரிய காலத்தில் மாற்று மருந்து கொடுத்தால் குணமாகும். ஆனால் அதை அறிந்துகொள்ள மருத்துவர் அருகில் இருக்க வேண்டும். கடையில் களிம்பை வாங்கி வீட்டிலேயே பூசிக்கொள்ளலாம் என்று எண்ணுவோர் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் உறவினர் வீட்டுப் பேரப்பிள்ளையுடன் மருத்துவமனைக்குச் சென்றிருந்தோம். களிம்பைப் பூசி, மேலே கண்ணாடித்தாள் போன்ற ஒன்றை ஒட்டிவிட்டு, ஒரு மணி நேரம் காத்திருக்கச் சொன்னார்கள். "வெட்டுவது ரெண்டு நிமிஷ வேலை, அதுக்கு ஒரு மணி நேரமா? எங்க காலத்துல இதெல்லாம் ஏது?" என்று குழந்தையின் மூத்த பாட்டனார் முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். நாம் ஸஹ்ராவியின் கதையைச் சொல்லத் தொடங்கினோம். பாதியில் அவர் குறுக்கிட்டு, "எனக்குச் செஞ்சப்போ மயில் வருதுன்னு சொன்னாங்க" என்றார். எழுபத்தைந்து வயதிலும் அவருடைய கண்கள் ஒருமுறை மேலே சென்று மீண்டன.