வானத்திற்கும் வேலி உண்டு



தைப்பூசத்தையொட்டி இரவு வேளையில் கோலாலம்பூர் ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயத்திலிருந்து வெள்ளி ரதம் பத்துமலை நோக்கிப் புறப்படுவதை நாம் அறிவோம். அந்த நேரத்தில் ரதம் செல்லும் சாலைகளில் மற்ற வண்டிகளுக்கு இடமில்லை. காவல் துறையினர் தடுப்பை இழுத்து வைத்து, "இப்படிப் போகாதே, அப்படிச் சுற்றிப் போ" என்று கை காட்டுகிறார்கள். ரதம் கடந்த பிறகு தடுப்பு விலகுகிறது. சாலை மறுபடி எல்லாருக்கும் உரியதாகிறது.

சாலையில் நடக்கும் இதே காரியம் வானத்திலும் நடக்கிறது என்றால் நம்மில் பலர் வியப்படைவோம். "வானம் வெட்டவெளிதானே, அங்கே யார் தடுப்புப் போடுவது?" என்று கேட்போம். வானத்தில் தடுப்புப் போடும் வழக்கம் எப்படி வந்தது, சிறு விமானம் ஓட்டுகிறவர்கள் அதை எப்படி அறிந்து நடக்கிறார்கள், அந்தத் தடுப்பினால் நமக்கென்ன என்பதை இன்று சற்றுச் சிந்திப்போம்.

முதலில் வரலாறு. மனிதன் பலூனில் ஏறி வானில் மிதந்தது 1783ஆம் ஆண்டில், பிரான்சு நாட்டில். அதற்கு அடுத்த ஆண்டே, 1784 ஏப்ரல் மாதத்தில், பாரிஸ் நகரக் காவல் துறைத் தலைவர் ஓர் ஆணை பிறப்பித்தார். முன் அனுமதியில்லாமல் எவரும் நகரத்தில் பலூன் பறக்கவிடலாகாது என்பது அந்த ஆணை. நெருப்பைச் சுமந்து செல்லும் பலூன் வீட்டுக் கூரைமேல் விழுந்தால் ஊரே எரியும் அல்லவா? மனிதன் பறக்கத் தொடங்கிய மறு ஆண்டே வானத்திற்கு முதல் வேலி வந்துவிட்டது. அதைக் கேட்டவர்கள் அரசர்களல்லர். கீழே குடியிருந்தவர்களின் அச்சந்தான் அதைக் கேட்டது. இதை நாம் நினைவில் வைத்துக் கொள்ள வேண்டும்.

பிறகு முதல் உலகப் போர் வந்தது. விமானம் குண்டு போடும் கருவியாயிற்று. போர் முடிந்தபின் 1919இல் பாரிஸ் நகரில் நாடுகள் கூடி ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. ஒவ்வொரு நாட்டிற்கும் அதன் நிலத்தின் மேலுள்ள வான்வெளி முழுவதும் சொந்தம் என்று அதில் ஒப்புக்கொண்டார்கள். இரண்டாம் உலகப் போரின் இறுதிக் காலத்தில், 1944 டிசம்பர் 7ஆம் நாள், அமெரிக்காவின் சிக்காகோ நகரில் 52 நாடுகள் மற்றோர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. இன்றும் உலக விமானப் போக்குவரத்திற்கு அடிப்படையாக இருப்பது அதுதான். மலாயா விடுதலை பெற்ற மறு ஆண்டு, 1958இல், நம் நாடும் அதில் சேர்ந்தது.

அந்த உடன்படிக்கையின் ஒன்பதாவது விதியே இன்றைய பேச்சின் உயிர்நாடி. இராணுவத் தேவைக்காகவோ பொதுமக்களின் பாதுகாப்புக்காகவோ ஒரு நாடு தன் வான்வெளியின் சில பகுதிகளில் பறப்பதைத் தடுக்கலாம். நெருக்கடி நேர்ந்தால் உடனடியாகவும் தற்காலிகமாகவும் வான்வெளி முழுவதையுமே மூடலாம். ஆனால் அந்தத் தற்காலிகத் தடையில் இந்த நாட்டு விமானம், அந்த நாட்டு விமானம் என்று வேறுபாடு காட்டக் கூடாது. விதி சொல்வது இவ்வளவே.

இனி நம் கிள்ளான் பள்ளத்தாக்கிற்கு வருவோம். 1965 வரை கோலாலம்பூரின் விமான நிலையம் சுங்கை பீசியில் இருந்தது. 1965 ஆகஸ்டு 30ஆம் நாள் சுபாங் பன்னாட்டு விமான நிலையம் திறக்கப்பட்டது. தோட்டத்து மக்கள் லாரியிலும் பேருந்திலும் வந்து, பார்வையாளர் மாடத்தில் நின்று, ஏறி இறங்கும் விமானங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டிய காலம் அது. சுங்கை பீசி விமானப் படைத் தளமாக நீடித்து 2018இல் மூடப்பட்டது. இதற்கிடையே 1998 ஜூன் மாதத்தில் சிப்பாங்கில் இன்றைய பெரிய விமான நிலையம் திறக்கப்பட்டது. நூறு சதுரக் கிலோமீட்டர் பரப்புள்ள அந்த நிலத்தில் செம்பனைத் தோட்டங்கள் இருந்தன. அங்கே வேலை செய்த நம் மக்கள் இடம் பெயர நேர்ந்தது. நாம் பால் வெட்டிய நிலமும் குலை அறுத்த நிலமும் ஓடுபாதையாயின. ஆகவே விமானங்களின் வரலாறு நமக்கு அந்நியமான வரலாறு அன்று.

நெருக்கமான வானம் இது. ஒருபுறம் சிப்பாங்கிற்குப் பெரிய விமானங்கள் இறங்குகின்றன. மறுபுறம் சுபாங்கிலிருந்து சிறு விமானங்களும் ஹெலிகாப்டர்களும் எழும்புகின்றன. சிறு விமானம் மணிக்கு ஏறத்தாழ 180 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் என்று வைத்துக் கொள்வோம். நிமிடத்திற்கு மூன்று கிலோமீட்டர். பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்குப் பத்தே நிமிடம். இந்த வேகத்தில், சற்றே கவனம் தவறினாலும் விமானி அடுத்தவர் வேலிக்குள் இருப்பார். மேலே இருந்து பார்க்கையில் வேலியும் தெரியாது, பலகையும் தெரியாது.

பிறகு எப்படித்தான் அறிந்து கொள்வது? இதற்குத் தோட்டத்து வாழ்க்கையிலேயே நல்ல உவமை இருக்கிறது. விடியற்காலையில் பெரட்டுக்குப் போகிறோம். "இன்று அந்தக் காட்டில் மருந்தடிப்பு, அங்கே யாரும் போகக் கூடாது" என்று அங்கேதான் சொல்கிறார்கள். பெரட்டுக்குப் போகாமல் நேரே காட்டுக்குள் நுழைந்தவன் மருந்துப் புகையில் மாட்டிக் கொள்வான். விமானிகளுக்கும் அப்படியொரு பெரட்டு உண்டு. அதன் பெயர் 'நோட்டாம்'. விமானிகளுக்கான அறிவிப்பு என்பது பொருள். கடலோடிகளுக்கு அறிவிப்பு வெளியிடும் பழைய வழக்கத்தைப் பின்பற்றி உண்டானது இது. கிள்ளான் துறைமுகத்திற்கு வரும் கப்பல்களுக்கும் இத்தகைய அறிவிப்புகள் இன்றும் உண்டு. நோட்டம் பார்ப்பது என்று நாம் சொல்வதில்லையா? சொல்லுக்குச் சொல் தொடர்பில்லை; ஆனாலும் பெயர் பொருத்தமாகவே அமைந்துவிட்டது.

அந்த அறிவிப்பில் நான்கு செய்திகளை விமானி முக்கியமாகப் பார்ப்பார். எந்த இடம்? எப்போது தொடங்குகிறது? எப்போது முடிகிறது? எந்த உயரத்திலிருந்து எந்த உயரம் வரை? இவற்றில் எளிதாகத் தவறு நேரக்கூடியது நேரக் கணக்கு. உலகம் முழுவதற்கும் பொதுவான ஒரே நேரத்தில் அதை எழுதுவார்கள். நம் நேரம் அதைவிட எட்டு மணி முந்தியது. 1982க்கு முன் தீபகற்ப மலேசியாவில் அது ஏழரை மணியாக இருந்தது. எடுத்துக்காட்டாக, தடை ஒரு மணிக்குத் தொடங்கி மூன்று மணிக்கு முடிகிறது என்று அறிவிப்பில் இருந்தால், அது நமக்குக் காலை ஒன்பது முதல் பதினொன்று வரை. நள்ளிரவு தாண்டிய தடை என்று எண்ணிக் காலை பத்து மணிக்குப் புறப்படுகிற விமானி நேரே தடைக்குள் போய் விழுவார். எட்டைக் கூட்ட மறந்த குற்றம் அது ஒன்றுதான்!

மெர்டேக்கா அணிவகுப்பில் விமானப் படை விமானங்கள் நகரின் மேல் வரிசையாகப் பறக்கும்போது இப்படி வான்வெளியை ஒதுக்குவார்கள். ஒத்திகை நாள்களுக்கும் இது பொருந்தும். வெளிநாட்டுத் தலைவர்கள் கூடும் மாநாடுகளுக்கும் ஒதுக்குவார்கள். 2018 ஜூன் மாதத்தில் அமெரிக்க அதிபரும் வட கொரியத் தலைவரும் சிங்கப்பூரில் சந்தித்தபோது, 11ஆம் தேதி முதல் 13ஆம் தேதி வரை அந்நாட்டு வான்வெளியின் ஒரு பகுதிக்குக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. தமிழ்நாட்டிற்கு வடக்கே ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் ஏவும்போது, அது செல்லும் பாதையில் விமானத்துக்கும் கப்பலுக்கும் முன்னறிவிப்புப் போகிறது.

இத்தகைய வேளையில் தனியார் விமானியின் முன்னுள்ள வழிகள் மூன்று. தடை முடியும் வரை தரையில் காத்திருக்கலாம். சுற்றிப் போகலாம்; அதற்குக் கூடுதல் எரிபொருள் வேண்டும், அதைப் புறப்படுமுன்பே கணக்கிட வேண்டும். உரிய அதிகாரியிடம் அனுமதி கேட்கலாம்; கிடைத்தால் சொன்ன உயரத்தில் சொன்ன பாதையில் மட்டும் போகலாம். வானில் இருக்கும்போது ஐயம் வந்தால் வானொலியில் கட்டுப்பாட்டு நிலையத்தைக் கூப்பிட்டுக் கேட்பதே அறிவுடைமை. கேட்பதில் வெட்கமில்லை. கேட்காமல் போவதில்தான் ஆபத்து.

கேட்காமல் போனால் என்ன ஆகும்? 2001 செப்டம்பர் 11ஆம் நாள் தாக்குதலுக்குப் பின் அமெரிக்க வான்வெளி முழுவதும் மூடப்பட்டது. ஏறத்தாழ 4,500 விமானங்கள் தரையிறக்கப்பட்டன. பயணிகள் விமானங்கள் இரண்டு நாள்களில் மெல்லப் பறக்கத் தொடங்கின. தனியார் சிறு விமானங்களோ மேலும் காத்திருந்தன, தலைநகரைச் சுற்றியிருந்த சிறு நிலையங்களில் மாதக்கணக்காக. 2005 மே 11ஆம் நாள், இருவர் அமர்ந்த ஒரு சிறு செஸ்னா விமானம் வழி தவறி வாஷிங்டன் நகரத் தடைக்குள் நுழைந்துவிட்டது. போர் விமானங்கள் எழும்பின; வெள்ளை மாளிகையிலும் நாடாளுமன்றத்திலும் இருந்தவர்கள் வெளியே ஓடினார்கள். விமானிக்குத் தீய எண்ணம் ஏதுமில்லை. ஆனாலும் அவருடைய உரிமம் பறிபோயிற்று.

போர் விமானம் பக்கத்தில் வந்து இறக்கைகளை ஆட்டினால், "என்னைப் பின்தொடர்ந்து வா" என்று பொருள். சிறு விமானியும் தம் இறக்கைகளை ஆட்டிப் பின்தொடர வேண்டும். இது உலகப் பொது மொழி. 1983 செப்டம்பர் 1ஆம் நாள் வழி விலகிய கொரியப் பயணிகள் விமானம் ஒன்றைச் சோவியத் போர் விமானம் சுட்டு வீழ்த்தி 269 பேர் மாண்டனர். அடுத்த ஆண்டு மே மாதத்தில் சிக்காகோ உடன்படிக்கையில் ஒரு விதியைச் சேர்த்தார்கள். பறந்து கொண்டிருக்கும் பயணிகள் விமானத்தின்மீது ஆயுதத்தைப் பயன்படுத்தலாகாது என்பது அவ்விதி. வேலி தாண்டியவனுக்கும் உயிர் உண்டு என்பதை உலகம் அத்துணைப் பெரிய விலை கொடுத்து எழுதிக்கொண்டது.

சில வேளைகளில் இந்த வேலி இரு நாடுகளுக்கிடையே வழக்காகவும் மாறுகிறது. சிங்கப்பூரின் சிலேத்தார் விமான நிலையத்தில் இறங்குவதற்குப் புதிய முறையொன்று வகுக்கப்பட்டது. அது ஜொகூரின் பாசிர் கூடாங்கில் கட்டடங்களின் உயரத்தைக் கட்டுப்படுத்தும் என்று மலேசியா மறுத்தது. 2019 ஜனவரி 2ஆம் நாள் முதல் பாசிர் கூடாங்கின் மேல் நிரந்தரக் கட்டுப்பாட்டுப் பகுதியை அறிவித்தது. சுபாங்கிலிருந்து சிங்கப்பூருக்குப் பறந்து வந்த ஃபயர்ஃபிளை விமானங்கள் 2018 டிசம்பர் முதலே நின்றிருந்தன. இரு தரப்பினரும் உட்கார்ந்து பேசினார்கள். ஏப்ரல் மாதத்தில் சிங்கப்பூர் அந்த முறையை மீட்டுக்கொண்டது; மலேசியா தன் கட்டுப்பாட்டைக் காலவரையின்றி நிறுத்திவைத்தது. ஏப்ரல் 22ஆம் நாள் விமானங்கள் மீண்டும் பறந்தன. நிரந்தரம் என்று எழுதியது சில மாதங்களுக்குள் நின்றது. பேச்சினால் விலகாத வேலி அரிது.

நேயர்களே, இதுவரை கேட்டவர்களில் சிலர், "வேலி என்பது இடைஞ்சல்தானே" என்று எண்ணலாம். அவர்களுக்காக நம் நாட்டின் ஆறாத துயரம் ஒன்றை நினைவூட்டுகிறோம். 2014 ஜூலை 17ஆம் நாள் ஆம்ஸ்டர்டாமிலிருந்து கோலாலம்பூருக்குப் புறப்பட்டது மலேசிய விமானம் எம்எச் 17. கிழக்கு உக்ரைனில் அப்போது போர். அங்கே வான்வெளியில் தற்காலிகத் தடை இருந்தது. ஜூன் மாதத்தில் 26,000 அடி வரை. ஜூலை 14 முதல் 32,000 அடி வரை. நம் விமானம் பறந்தது 33,000 அடியில். ஆக, அது விதிப்படி தடைக்கு வெளியே, ஆயிரம் அடி மேலே இருந்தது. அன்று அந்த வான்வெளி மூடப்படும் வரை 160 விமானங்கள் அவ்வழியே பறந்திருந்தன. ஆனால் தரையிலிருந்து ஏவப்பட்ட ஏவுகணைக்கு அந்த ஆயிரம் அடி ஒரு பொருட்டன்று. 298 உயிர்கள் போயின. அவர்களில் மலேசியர் 43 பேர். பணியாளர் பதினைவரும் மலேசியரே.

பின்னர் 2015இல் நெதர்லாந்துப் பாதுகாப்பு வாரியம், அந்த வான்வெளியை முழுவதுமாக மூடுவதற்கு உக்ரைனுக்குப் போதிய காரணம் இருந்தது என்று கூறிற்று. 2025 மே மாதத்தில் உலக விமானப் போக்குவரத்து அமைப்பின் மன்றம், ரஷ்யா தன் கடமையில் தவறியது என்று தீர்மானித்தது. தீர்ப்புகள் வந்தன, போனவர்கள் வரவில்லை. விமானி வேலியை மதித்தார்; வேலிதான் போதுமான உயரத்திற்கு எழவில்லை. ஆகவே வேலியை மதிப்பது பறப்பவரின் கடமையென்றால், ஆபத்தை மறைக்காமல் வேண்டிய அளவு வேலி எழுப்புவது அரசின் கடமை. இரண்டில் ஒன்று தவறினாலும் இழப்பு மக்களுக்கே.

கடைசியாக நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு சொல். இன்று டிரோன் எனும் ஆளில்லா வானூர்தி கைக்கெட்டும் விலையில் கிடைக்கிறது. அதைப் பறக்கவிடும் பிள்ளையும் சட்டத்தின் கண்ணில் வானத்தைப் பயன்படுத்துகிறவன்தான். அனுமதியின்றி 400 அடிக்கு மேலும், விமான நிலையத்தின் சூழலிலும் அதைப் பறக்கவிடலாகாது. காப்பாரிலும் சுபாங்கிலும் சிப்பாங்கிலும் உள்ள குடும்பங்கள் இதை மிகவும் கவனிக்க வேண்டும். ஐயமிருந்தால் மலேசிய விமானப் போக்குவரத்து ஆணையத்திடம் கேட்டுத் தெரிந்துகொண்டு செய்யலாம். பிள்ளைக்கு விமானியாகும் ஆசை இருந்தால், அந்த ஆசைக்கு முதற்பாடமும் இதுவே: ஏறுவதற்கு முன் நோட்டாம் படி, எட்டைக் கூட்டு, ஐயம் வந்தால் கேள்.

அடுத்த மெர்டேக்கா நாளில் நம் தலைக்கு மேல் விமானங்கள் வரிசையாகப் பறக்கும்போது, அவற்றுக்கு வழிவிட்டு எங்கோ ஒரு சிறு விமானி தரையில் பொறுமையாகக் காத்திருப்பதையும் எண்ணிக் கொள்வோம். பத்துமலைச் சாலையில் ரதத்திற்கு வழிவிட்டு நிற்கும் நம்மைப் போன்றவர்தான் அவரும்.